லித்தியம் டைட்டனேட் பேட்டரி: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

வீட்டு இன்வெர்ட்டருக்காகச் சென்ற ஆண்டு தை மாதத்தில், ஆறு லித்தியம் டைட்டனேட் செல்களைத் தொடராக இணைத்த பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே இருப்பவை 66 மில்லிமீட்டர் விட்டமும் 160 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள், ஒவ்வொன்றும் 2.3 வோல்ட், 40 ஆம்பியர் மணி, எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று முன்பின். இந்த அளவுச் செல்களைப் பலரும் இறக்குமதி செய்து, தகரப் பெட்டியில் அடைத்து, தங்கள் முத்திரையை ஒட்டி விற்கிறார்கள். விற்றவரைப் பற்றிக் குறை சொல்லவும் வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்; ஒட்டிய பெயரைவிட உள்ளே இருக்கும் பொருள்தான் இங்கே மதிப்பிடத் தக்கது.

இதற்கு முன் வைத்திருந்தது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆகிய மூன்றும் கலந்த ஆக்சைடு கொண்ட தட்டைப் பைச் செல்களால் ஆன பெட்டி. மூன்றாம் ஆண்டின் கோடையில் அதன் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. திறந்து பார்த்தபோது நான்கு செல்களில் இரண்டு தலையணைபோல் உப்பியிருந்தன. கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன் என்பதால், அந்த உப்பல் பெரும்பாலும் மின்பகுளி சிதைந்து வெளிவிட்ட வாயுவால் வந்தது என்பது தெரியும். ஆயினும் வாயு தானாகப் பிறப்பதில்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளேயுள்ள படிகத் துகள்கள் விரிந்து சுருங்குகின்றன. விரிந்து சுருங்குவது விரிசல் காண்கிறது. விரிசல் காட்டும் புதிய பரப்பில் மின்பகுளி மேலும் சிதைகிறது. ஆகவே, அடுத்து வாங்கும் பேட்டரியில் லித்தியம் வந்து போகும்போது படிகம் எவ்வளவு அசைகிறது என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு தேடினேன். விலைப்பட்டியலில் எவரும் அதைப் போடுவதில்லை.

லித்தியம் அயனி பேட்டரியின் உலோக ஆக்சைடை, ஆக்சிஜன் அயனிகளை நெருக்கமாக அடுக்கிய கட்டடமாகக் கொள்ளலாம். அடுக்குகளுக்கிடையே இருவகைக் குழிகள் இருக்கின்றன: நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகிக் குழி, ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகிக் குழி. உலோக அயனிகள் எண்முகிக் குழிகளில் நிலையாக இருக்க, லித்தியம் எஞ்சிய குழிகளில் வந்து அமர்கிறது. ஒரு லித்தியம் அயனி உள்ளே வரும்போது வெளிச்சுற்றின் வழியே ஓர் எலக்ட்ரானும் வந்து ஓர் உலோக அயனியிடம் சேர்கிறது. எலக்ட்ரானைப் பெற்ற உலோக அயனி சற்றே பெருக்கிறது. வந்து அமரும் லித்தியம், பெருக்கும் உலோகம் ஆகிய இரண்டுக்கும் ஏற்ப ஆக்சிஜன்கள் தம் இடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அவை எப்படிச் சரிசெய்துகொள்கின்றன என்பதில்தான் ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் இடையேயான வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1980இல் அறிவித்து, சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பேட்டரியில் இடம்பெற்ற லித்தியம் கோபால்ட் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். கோபால்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க, இடையே லித்தியம் படலமாகப் பரவியிருக்கிறது. லித்தியத்தை வெளியேற்றினால் தகடுகள் நெருங்கிவரும் என்றே மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள், நடப்பது நேர்மாறானது. நேர்மின்னூட்டம் கொண்ட லித்தியம் இடையிலிருந்து விலகியதும், எதிரெதிரே நிற்கும் ஆக்சிஜன் அடுக்குகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் தகடுகளுக்குச் செங்குத்தான திசையில் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டான அலகுக்கூடு ஏறத்தாழ 14.05 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 14.4 வரை நீள்கிறது (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பாதி லித்தியம் போனதும் படிகம் ஒருமுறை உருக்குலைந்து வேறு சமச்சீருக்கு மாறுகிறது. அதற்குமேலும் பிடுங்கினால் நீண்டது சட்டென்று சுருங்கி அமர்கிறது. கோட்பாட்டின்படி கிராமுக்கு 274 மில்லிஆம்பியர் மணி தர வேண்டிய இந்தப் பொருளிலிருந்து, 4.2 வோல்ட் வரை மட்டும் சார்ஜ் செய்து, ஏறத்தாழ 140ஐ மட்டும் தொழில்துறை நெடுங்காலம் எடுத்துவந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். என் பழைய பெட்டியில் இருந்த நிக்கல் கலப்பும் இதே தகட்டுக் குடும்பம்தான். நிக்கல் கூடக்கூட, மேல் மின்னழுத்தத்தில் நிகழும் அந்தத் திடீர்ச் சுருக்கம் இன்னும் கடுமையாகிறது.

ஸ்பைனல் என்னும் படிக அமைப்பு கொண்ட மாங்கனீசு ஆக்சைடு வேறொரு பாடம் சொல்கிறது. இங்கே குழிகள் மூன்று திசைகளிலும் சுரங்கப்பாதைபோல் இணைந்திருப்பதால் லித்தியம் விரைவாக ஓடுகிறது. நான்கு வோல்ட் அளவில் லித்தியம் போய்வரும்போது கனசதுர வடிவம் கெடுவதில்லை. பருமன் மட்டும் ஏழு விழுக்காடு அளவில் மாறுகிறது. ஆனால் மூன்று வோல்ட்டுக்கு இறக்கி, இரண்டாவது லித்தியத்தையும் திணித்தால், மாங்கனீசு அனைத்தும் மூன்றாம் இணைதிற நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த நிலையில் உள்ள மாங்கனீசுக்குச் சீரான எண்முகி ஒத்துவருவதில்லை. ஒரு திசையில் நீட்டி, மற்ற இரு திசைகளில் ஒடுக்கிக்கொள்கிறது. ஜான்–டெல்லர் விளைவு என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் கடந்துபோகும் அந்தச் செய்தி, இங்கே படிகத்தின் நீள அகல விகிதத்தை 16 விழுக்காடு மாற்றிவிடுகிறது. துகள் நொறுங்காமல் என்ன செய்யும்?

இப்போது நான் வாங்கிய பொருளுக்கு வருகிறேன். லித்தியம் டைட்டனேட்டும் ஸ்பைனல்தான்; ஆனால் மேலே சொன்னவை செல்லின் நேர்முனையில் இருப்பவை, இது எதிர்முனையில் இருப்பது. நான்கு லித்தியத்துக்கு ஐந்து டைட்டானியம், பன்னிரண்டு ஆக்சிஜன் என்பது அதன் கணக்கு. நான்கில் மூன்று லித்தியம் நான்முகிக் குழிகளில் இருக்க, ஒன்று டைட்டானியத்தோடு எண்முகிக் குழியைப் பங்கிட்டுக்கொள்கிறது. சார்ஜ் செய்யும்போது புதிதாக மூன்று லித்தியம் உள்ளே வருகிறது. வருபவை காலியாக உள்ள வேறொரு வகை எண்முகிக் குழிகளில் அமர்கின்றன. அவை அமர்ந்ததும் பக்கத்து நான்முகிக் குழிகளில் இருந்த பழைய மூன்றும் இடநெருக்கடி தாளாமல் அதே வகை எண்முகிக் குழிகளுக்குக் குடிபெயர்கின்றன. உள்ளே இவ்வளவு இடமாற்றம் நடந்த பிறகும் அலகுக்கூட்டின் பக்கம் 8.36 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 8.35ஐ ஒட்டிய அளவுக்கு மட்டுமே மாறுகிறது. பருமன் மாற்றம் 0.2 விழுக்காடுதான். எலக்ட்ரானைப் பெற்ற டைட்டானியம் பெருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சுற்றிய ஆக்சிஜன்கள் காலியான நான்முகிக் குழியின் பக்கம் இம்மியளவு நகர்ந்து இடம் விடுகின்றன. டைட்டானியத்தின் அறை விரிய, ஆளில்லாத அறை சுருங்க, கட்டடத்தின் வெளிச்சுவர் அசையாமல் நிற்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் சுதோமு ஓசுகு, 1995இல் இதைச் ‘சுழித்திரிபு’ப் பொருள், அதாவது வடிவத் திரிபு சுழியமாக உள்ள பொருள், என்று பெயரிட்டு விளக்கினார்.

வகுப்பில் இதைச் சொல்ல நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். படிகத்தின் பக்கம் பத்தடிச் சுவர் என்றால், வழக்கமான செல்களில் எதிர்முனையாக இருக்கும் கிராஃபைட்டின் அடுக்கிடைவெளி லித்தியம் நிறையும்போது 3.35 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.70 ஆவது, அந்தச் சுவர் ஓரடி தள்ளிப்போவதற்குச் சமம். கோபால்ட் ஆக்சைடில் மூன்று அங்குலம். டைட்டனேட்டில் இரண்டு மில்லிமீட்டர். சுவரில் பூசும் சுண்ணாம்பின் கனம்.

முதுகலை முடித்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த காலத்தில் இதை ஒருமுறை கண்ணாலும் பார்த்திருக்கிறேன். கரி கலக்காமல் அழுத்திய டைட்டனேட் வில்லை மைதா மாவைப்போல் வெண்மையாகச் செல்லுக்குள் போனது; லித்தியம் ஏற்றி, ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துத் திறந்தபோது மைக்கூட்டில் தோய்த்ததுபோல் கருநீலமாக வெளிவந்தது. இரண்டின் எக்ஸ் கதிர் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தோம். கோடுகளின் உயரம் மாறியிருந்தது. படிகத்தின் அளவைக் காட்டும் அவற்றின் இடம் மாறவில்லை. நிறம் இப்படி அடியோடு மாறிய ஒரு பொருளின் சட்டகம் மாறவே இல்லை என்பதை அந்தக் காகிதங்கள் இல்லாமல் நம்பியிருக்க மாட்டேன். மீந்த துண்டைக் காற்றில் வைத்ததும் ஓரங்களில் நீலம் வெளுக்கத் தொடங்கியது.

இந்தக் குணம் பயன்பாட்டில் எப்படித் தெரிகிறது? முதலில் சார்ஜ் ஏறும் வேகம். என்னிடம் உள்ள சார்ஜர் 30 ஆம்பியர் தரக்கூடியது. காலியான பெட்டியை ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் நிரப்பிவிட்டது. செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த வெப்பமானி 31 டிகிரியிலிருந்து 35க்கு மட்டுமே ஏறியது. கிராஃபைட் செல்லில் இப்படி விரைவாக ஏற்ற அஞ்சுவதற்குக் காரணம், கிராஃபைட் வேலை செய்யும் மின்னழுத்தம் உலோக லித்தியம் படியும் எல்லைக்கு வெகு அருகில் இருப்பது. அவசரப்பட்டால் லித்தியம் உள்ளே நுழையாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்து முள்போல் வளரும். டைட்டனேட் அந்த எல்லைக்கு 1.55 வோல்ட் மேலே வேலை செய்வதால் அந்த அச்சம் இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் மின்சாரம் வந்து மீண்டும் போகும் நாட்களில், பழைய காரீய அமில பேட்டரி பாதிகூட நிரம்பாமல் விழிக்கும், இது நிரம்பியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த 1.55 வோல்ட்தான் இதன் பலவீனமும். கிராஃபைட்டோடு 3.7 வோல்ட் தரும் அதே நேர்முனை ஆக்சைடு, டைட்டனேட்டோடு சேரும்போது 2.3 வோல்ட்தான் தருகிறது. ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஆற்றலை அசையாச் சுவருக்கு விலையாகக் கொடுக்கிறோம். என் பெட்டியின் மொத்த ஆற்றல் 552 வாட் மணி. செல்களின் எடையை மட்டும் கணக்கிட்டால் கிலோவுக்கு 75 வாட் மணிக்கும் குறைவு. அதே எடையில், நேர்முனையில் லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் கொண்ட செல்கள் இரு மடங்கு தரும். எங்கள் வீட்டில் இரண்டு மின்விசிறி, மூன்று விளக்கு, ஒரு வைஃபை பெட்டி ஆகியவை நான்கு மணி நேரம் ஓடுகின்றன. அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. நான் கொடுத்த விலையோ, அதே ஆற்றலுள்ள ஃபாஸ்பேட் பேட்டரிக்குக் கேட்ட விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

விற்றவர்மீது எனக்குள்ள முதல் வருத்தம் மின்னழுத்தம் பற்றியது. பெட்டியின் மேல் ‘12 வோல்ட், எந்த இன்வெர்ட்டருக்கும் பொருந்தும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஆறு செல் தொடரில் முழுச் சார்ஜ் என்பது செல்லுக்கு 2.7 வோல்ட் வீதம் 16.2 வோல்ட். வீட்டு இன்வெர்ட்டரோ காரீய அமிலத்தை நினைத்து 14.4 வோல்ட்டில் நிறுத்திக்கொள்கிறது, செல்லுக்கு 2.4தான் கிடைக்கிறது. அப்படிச் சார்ஜ் செய்து, மின்சுமை வைத்து அளந்தபோது 31 ஆம்பியர் மணிதான் வந்தது. தனிச் சார்ஜர் வாங்கி 16 வோல்ட்டுக்கு ஏற்றியபோது 39 வந்தது. ஆனால் அதை இன்வெர்ட்டரோடு இணைத்ததும், பேட்டரி மின்னழுத்தம் மிகுதி என்று அறிவித்து இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. மழை இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், நிரம்பி வழியும் பேட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். விற்றவரை அழைத்தபோது, ‘சார், கொஞ்ச நேரம் ஓட்டினா இறங்கிடும்’ என்றார்; ஓட்டுவதற்குத்தான் இன்வெர்ட்டர் மறுக்கிறதே என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. இப்போது 15 வோல்ட்டில் நிறுத்தும்படி அமைத்திருக்கிறேன். ஏறத்தாழ 36 ஆம்பியர் மணி கிடைக்கிறது. ஐந்து செல் கொண்ட பெட்டியும் விற்பனைக்கு வருகிறது; அதை 14.4 வோல்ட் சார்ஜரில் மாட்டினால் செல்லுக்கு 2.88 வோல்ட் ஏறிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வருத்தம் விளம்பரச் சொல் பற்றியது. ‘சுழித்திரிபுத் தொழில்நுட்பம், 20,000 சுழற்சி’ என்று கையேடு பெருமை பேசுகிறது. நாளொன்றுக்கு ஒரு சுழற்சி என்றால் 20,000 சுழற்சிக்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகும். சரிபார்க்கும் பொறுப்பை என் பேரனுக்குத்தான் எழுதிவைக்க வேண்டும். ஆனால் உண்மையான குறை அந்த எண்ணில் இல்லை. அசையாதது எதிர்முனை மட்டுமே என்பதைக் கையேடு எங்கும் சொல்லவில்லை. அதே உருளைக்குள், மெல்லிய பிரிப்புத்தாளுக்கு அப்பால், நேர்முனையில் இருப்பது பழைய பெட்டியில் இருந்த அதே நிக்கல் மாங்கனீசு கோபால்ட் ஆக்சைடுதான். அது முன்புபோலவே விரிந்து சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நாள்தோறும் ஓரடி நகர்ந்துகொண்டிருந்த கிராஃபைட் சுவர் போய்விட்டது, அதோடு அதன்மேல் வளர்ந்து லித்தியத்தை விழுங்கும் படலத்தின் பெரும்பகுதியும் போய்விட்டது; அது பெரிய ஆதாயமே. ஆயினும் செல்லின் ஆயுளை இனி முடிவுசெய்யப்போவது மறுபக்கத்துச் சுவர். அதனால்தான் 16.2 வரை ஏற்றாமல் 15 வோல்ட்டில் நிறுத்துவதை இழப்பாகக் கருதவில்லை. நேர்முனை ஆக்சைடின் கடைசி லித்தியங்களைப் பிடுங்காமல் விடுவது அதற்கும் நல்லது.

நேர்முனை அப்படி இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. டைட்டனேட்டில் லித்தியம் ஏறும்போது, ஏறிய பகுதியும் ஏறாத பகுதியும் இரு கட்டங்களாக அருகருகே நிற்பதால் அதன் மின்னழுத்தம் தட்டையாக 1.55இலேயே இருக்கிறது. நேர்முனை ஆக்சைடிலோ லித்தியம் சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் சீராகக் கூடிக் குறைவதால் அதன் மின்னழுத்தம் சரிவாக இறங்குகிறது. தட்டையையும் சரிவையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தச் செல்லும் சரிவாகவே இறங்குகிறது. எனவே பத்து ரூபாய்ப் பொருள்போல் தோன்றும் வோல்ட்மீட்டரைக் கொண்டே எவ்வளவு மீதமிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரும்பு ஃபாஸ்பேட்டில் இது இயலாது. அங்கே கடைசி வரை ஒரே அளவு காட்டிவிட்டுத் திடீரெனப் படுத்துவிடும். (ஃபாஸ்பேட்டைச் சிலர் ஆக்சைடு என்று எழுதுகிறார்கள், அது வேறு குடும்பம்.)

வெயிலைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சட்டகம் அசையாவிட்டாலும் டைட்டனேட்டின் மேற்பரப்பு சும்மா இருப்பதில்லை. வெப்பம் கூடினால், ஈரத்தின் சுவடும் இருந்தால், அது மின்பகுளியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் வெளிவிடுகிறது. நல்ல தயாரிப்பாளர்கள் துகள்களுக்குக் கரிப்பூச்சு இட்டும், விற்பதற்கு முன்பே செல்லை முதிரவிட்டு வாயுவை வெளியேற்றியும் இதைக் கட்டுப்படுத்துகிறார்கள். உருளைச் செல்லின் உலோக உறை உறுதியானது என்பதால், பைச் செல்லைப்போல் உப்பிக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. நான் முதலில் பெட்டியை மொட்டைமாடி அறையில் வைத்திருந்தேன். சித்திரையில் அந்த அறை 41 டிகிரி காட்டியதும் மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிட்டேன். குளிரைத் தாங்குவதே இந்தச் செல்லின் புகழ்பெற்ற குணம். நமக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை.

இந்தப் பொருளைப் பெருநிறுவனங்கள் எங்கே பயன்படுத்துகின்றன என்று பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். டோஷிபா 2008இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் என்700எஸ் புல்லட் ரயில், மின்தடையின்போது தானே மெல்ல நகர்ந்து பாதுகாப்பான இடத்தை அடைவதற்கு இந்த வகைப் பேட்டரியையே வைத்திருக்கிறது. குஜராத்தின் ஹன்சல்பூரில் சுசுகி, டோஷிபா, டென்சோ ஆகிய மூன்றும் கூட்டாக அமைத்த ஆலை, சிறிய ஹைப்ரிட் கார்களுக்கு இத்தகைய செல்களைச் செய்கிறது. பிரேக் பிடிக்கும் சில நொடிகளில் வரும் மின்சாரத்தை விழுங்கி, உடனே திருப்பிக் கொடுக்கும் வேலை அங்கே. அடிக்கடி, விரைவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும் வேலைக்கு இது பொருந்தும். நாள் முழுதும் மின்சாரம் இல்லாத வீட்டுக்கும், எடையே பகையான மின் ஸ்கூட்டருக்கும் இது பொருந்தாது. அவர்கள் ஃபாஸ்பேட் பக்கம் போவதே அறிவு.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை, செல்களை இணைக்கும் செம்புப் பட்டைகள் கனமாகவே இருந்தன. ஆனால் ஒரு மரை சரியாக முறுக்கப்படாமல் வந்து, முதல் வாரத்தில் அந்த முனை மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வாங்குபவர்கள் மூடியைக் கழற்றி, எல்லா மரைகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு இணைப்பது நல்லது. செல்களைச் சமப்படுத்தும் சிறு பலகை ஒன்றும் உள்ளே இருக்கிறது; அது 2.6 வோல்ட்டுக்கு மேல்தான் விழித்தெழுகிறது என்பதால், 15 வோல்ட்டில் நிறுத்தும் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படுவதில்லை. மாதம் ஒருமுறை, இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, தனிச் சார்ஜரில் 16 வோல்ட்டுக்கு ஏற்றி அதற்கு வேலை கொடுக்கிறேன்.

சென்ற ஞாயிறன்று மீண்டும் முழுக் கொள்ளளவை அளந்தேன்: 38.8 ஆம்பியர் மணி. முதல் அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என் கருவியின் பிழைக்குள் அடங்கிவிடும் என்பதால், இதை வைத்துத் தேய்மானம் இவ்வளவு என்று எதுவும் சொல்ல மாட்டேன். ஆறு செல்களில் ஐந்து ஒன்றுக்கொன்று 4 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கின்றன. மூன்றாவது செல் மட்டும் 12 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. அதன்மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்; ஆவணியில் மறுபடி அளப்பேன்.